மருந்து சில நூறு ரூபாய், பில் மட்டும் ஏன் ஏழாயிரம்?

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் 90 அடி ரோடு பக்கம் இருக்கிறோம், பூர்வீகம் திருநெல்வேலி. அம்மாவுக்கு 61 வயது. வீட்டிலேயே இட்லி போட்டு, அப்பாவும் தம்பியும் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி, வலது முட்டியில் அதிகம், ராத்திரி வீங்கிக்கொள்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நர்ஸிங் ஹோமில் ஸ்டீராய்டு ஊசிக்கு ஒரு முட்டிக்கு 7,500 ரூபாய் என்றார்கள், ‘ஜெல் ஊசி’ என்றால் 28,000. பக்கத்திலேயே இன்னொரு ஆர்த்தோ டாக்டர் 1,800 ரூபாய்க்குப் போடுகிறேன் என்கிறார். ஊரில் சித்தி, “ஸ்டீராய்டா, எலும்பை அரிச்சிடும், போடவே விடாதே” என்று போனில் கத்துகிறார். விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? மலிவாகப் போடுவது போலி மருந்தா? நான் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், இன்ஷூரன்ஸில் வருமா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்டீராய்டு என்பது வீக்கத்தை அடக்கும் மருந்து, முட்டிக்குள் போடுவது என்றால் இங்கே பெரும்பாலும் இரண்டே மருந்துதான். ஒன்று ட்ரையாம்சினலோன், கெனகார்ட் என்ற பெயரில் மெடிக்கலில் கிடைக்கும். இன்னொன்று மெத்தில்பிரெட்னிசலோன், டெப்போ-மெட்ரால் என்று வரும். வழக்கமான அளவு 40 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு மில்லி. சின்னக் குப்பி, உள்ளே வெள்ளையாகக் கலங்கிய திரவம், கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அடியில் படிந்துவிடும், குலுக்கித்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். கூடவே மரத்துப்போவதற்கு லிக்னோகெய்ன் கொஞ்சம் சேர்ப்போம், அது இன்னும் மலிவு. குப்பியில் அச்சடித்திருக்கும் எம்.ஆர்.பி.யைப் பாருங்கள், சில நூறு ரூபாயைத் தாண்டாது. இதெல்லாம் பழைய மருந்து. மூட்டுக்குள் ஹைட்ரோகார்ட்டிசோன் போட்டுப் பார்த்ததை ஹாலண்டர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது 1951-ல். ‘இம்போர்ட்டட் ஸ்பெஷல் ஸ்டீராய்டு, அதனால்தான் இந்த ரேட்’ என்று யாராவது சொன்னால் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அப்படியானால் 1,800 சொன்னவரும் 7,500 சொன்னவரும் அநேகமாக ஒரே மருந்தைத்தான் போடப்போகிறார்கள். மலிவு என்பதால் போலி என்று பயப்பட வேண்டாம். மீதிப் பணம் டாக்டர் ஃபீஸ், அறை வாடகை, கையுறை சிரிஞ்சு, சில இடங்களில் அல்ட்ராசவுண்ட், சில இடங்களில் ‘ஓ.டி. சார்ஜ்’ (ஆபரேஷன் தியேட்டர் வாடகை) என்று பிரிந்து போகிறது. இதில் எது நியாயம், எது சும்மா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

டாக்டர் ஃபீஸ் நியாயம்தான், ஊசியை எங்கே குத்துவது என்பதைவிட, குத்தலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்குத்தான் அந்தக் காசு. சுத்தத்துக்கு ஆகும் செலவும் நியாயம், அதில் கைவைக்கவே கூடாது. அல்ட்ராசவுண்ட் வைத்து, அதாவது ஊசி போகும் வழியை ஸ்கேனில் பார்த்தபடி போடுவது, இடுப்பு மூட்டுக்கு அவசியம், தோள்பட்டைக்கும் உதவும், முட்டிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. முட்டி என்பது தொட்டுப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிடக்கூடிய பெரிய மூட்டு. ரொம்பப் பருமனான ஆள், எலும்பே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் அது வேறு. ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ஒரு நாள் அட்மிஷன் இதெல்லாம் ஒரு முட்டி ஊசிக்கு எதற்கு? ஆயத்தத்தையும் சேர்த்துக் கால் மணி நேர வேலை, முடிந்ததும் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகலாம்.

ஆக, 7,500 சொன்ன இடத்தில் இதைக் கேளுங்கள்: எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், அல்ட்ராசவுண்ட் வைத்தா, பில்லில் மருந்து தனி, ஃபீஸ் தனி என்று எழுதித் தருவீர்களா, மருந்தை நாங்களே வாங்கி வரலாமா. கோபப்படாமல் பதில் சொன்னால் நல்ல இடம். ‘பேக்கேஜ்மா, பிரிச்செல்லாம் சொல்ல முடியாது’ என்றால், 1,800 டாக்டரிடமும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு அவரிடமே போய்விடுங்கள். அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவும் எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை. ஆனால் ஃபீஸுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது, அதனால்தான் பில்லைப் பிரித்துக் காட்டச் சொல்லுகிறேன்.

மலிவில் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், சந்துக்குள் சின்ன தவாகானாவில், அதாவது தெருக் கிளினிக்கில், ‘முட்டி வலியா, வா’ என்று இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்புகிறார்களே, அங்கேதான். பல சமயம் அதுவும் ஸ்டீராய்டுதான், டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஏதாவது. நூறு, இருநூறு ரூபாய்க்கு வேலை முடிந்துவிடும், ரெண்டு நாள் உடம்பு முழுக்க வலியே தெரியாது, மறுபடி போகத் தோன்றும். அது மூட்டுக்குள் போவதில்லை, உடம்பு முழுக்கப் போகிறது. மாதா மாதம் போட்டுக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை ஏறுவது, முகம் ஊதுவது, எலும்பு பலம் குறைவது எல்லாம் வரும். ‘மூட்டு வலிக்கு மூலிகைப் பொடி, மூணே நாளில் குணம்’ என்று விற்கும் சில பொட்டலங்களிலும் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். சித்தி சொல்லும் எலும்பு அரிப்பு இந்த ரகத்தைப் பார்த்து வந்த பயமாக இருந்தால், அவர் சொல்வது சரி. முட்டிக்குள் டாக்டர் ஒரு தடவை போடும் ஊசிக்கு அது பொருந்தாது.

ஆனால் சித்தியை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. 2017-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. முட்டித் தேய்மானம் உள்ள 140 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ட்ரையாம்சினலோன் 40 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர் ஊசி, இரண்டு வருஷம் இப்படியே. கடைசியில் பார்த்தால் வலியில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத்தான் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இதைப் படித்துவிட்டு ஊசியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், வருஷக்கணக்கில் காலண்டர் பார்த்துப் போடுவது கூடாது என்று சொல்வேன். வீங்கிப்போய், அம்மாவால் நடக்கவே முடியாத நேரத்துக்கு ஒன்று, தேவைப்பட்டால் பல மாதம் கழித்து இன்னொன்று. ஒரே முட்டிக்கு இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும்.

எத்தனை நாள் தாங்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விலைக் கணக்கில் முக்கியமே அதுதான். பிரிட்டன் அரசின் நைஸ் அமைப்பு 2022-ல் போட்ட வழிகாட்டுதல், இந்த ஊசியின் நிவாரணம் 2 முதல் 10 வாரம் வரை என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. என் ஓ.பி.டி.யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், நான் பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான், வீக்கம் இருக்கும் முட்டியில் நன்றாகப் பிடிக்கும், வெறும் தேய்மானமும் வளைவுமாக இருந்தால் சீக்கிரம் போய்விடும். ஆக நீங்கள் கொடுப்பது 1,800 ஆனாலும் 7,500 ஆனாலும் வாங்குவது அதே சில வாரங்களைத்தான். 7,500 கொடுத்தால் முப்பது வாரம் தாங்கும் என்று கிடையாது.

அடுத்து அந்த 28,000. ஜெல் ஊசி என்பது ஹையலூரானிக் ஆசிட். மூட்டுக்குள் இயற்கையாகவே இருக்கும் வழவழப்புத் திரவத்தின் ஒரு பகுதி அது, அதை வெளியிலிருந்து ஊற்றினால் மூட்டு வழுக்கிக்கொண்டு ஓடும் என்பது கதை. கேட்க அழகாக இருக்கும், விற்கவும் சுலபம், ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்த குடும்பத்திடம் இன்னும் சுலபம். அதே நைஸ் வழிகாட்டுதல் முட்டித் தேய்மானத்துக்கு இதைப் போட வேண்டாம் என்கிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் வழக்கமாகப் போட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. சிலருக்குக் கேட்கிறது என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன், ஆனால் இட்லி விற்றுச் சேர்த்த 28,000 ரூபாயை இதில் போடச் சொல்லி என் வாயிலிருந்து வராது. அடுத்தபடியாக ‘உங்க ரத்தத்தையே எடுத்துச் சுத்திப் போடுறோம்’ என்று பி.ஆர்.பி.யைக் காட்டுவார்கள், அதற்கும் பல ஆயிரம் கேட்பார்கள். 2021-ல் ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து அதை உப்புத்தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒரு வருஷம் கழித்து வலியிலும் குருத்தெலும்பிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

ஊசிக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முட்டியும் சேர்ந்து தெரியும்படி, நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுக்கவைத்து எடுத்தால் உடம்பின் பாரம் விழாமல் இடைவெளி நன்றாக இருப்பது போலத் தோன்றும், பாதி வீடுகளில் பையிலிருந்து எடுத்து நீட்டுவது அந்தப் படத்தைத்தான். எலும்போடு எலும்பு உரசும் நிலை என்றால் ஊசி பெரிதாகக் கைகொடுக்காது, முட்டி மாற்று ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதைப் பற்றி இப்போதைக்கு இரண்டே விஷயம். ஆபரேஷன் என்று முடிவானால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அந்த முட்டியில் ஸ்டீராய்டு போடக் கூடாது, கிருமித்தொற்று அபாயம் கூடும். செயற்கை முட்டியின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது, அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு வரி தனியாக 54,720 ரூபாய் என்று. அது கருவியின் விலை மட்டும், ஆஸ்பத்திரிச் செலவு தனி.

அம்மாவின் சர்க்கரைக்கு வருகிறேன். மூட்டுக்குள் போட்டாலும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும், சர்க்கரை சில நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை, எகிறும். அதற்காக ஊசியே ஆகாது என்றில்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை கடைசியாக எப்போது எடுத்தது என்று பாருங்கள். அதிகமாக இருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டு வாருங்கள். ஊசி போட்ட அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் காலையும் மாலையும் பாருங்கள், மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்பதைச் சர்க்கரை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘ரெண்டு முட்டிக்கும் ஒரே நாள்ல போட்டா டிஸ்கவுண்ட்’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருந்து இரட்டிப்பானால் சர்க்கரையும் அதற்கேற்ப ஏறும். வலதுக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம், இடது முட்டிக்குத் தேவையே இல்லாமல்கூடப் போகலாம்.

காசே கஷ்டம் என்றால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, லோக்மான்ய திலக் என்று போர்டில் இருப்பது அதுதான். பரேலில் கே.இ.எம். இருக்கிறது. கேஸ் பேப்பர் என்ற பதிவுச் சீட்டை எடுத்து ஆர்த்தோ ஓ.பி.டி.யில் உட்கார்ந்தால் ஃபீஸ் என்று போவது சொற்பம், மருந்தை வெளியில் வாங்கிவரச் சொன்னாலும் அந்தச் சில நூறு ரூபாயோடு முடியும். கஷ்டம் என்னவென்றால் வரிசை. ஓ.பி.டி. நடப்பது காலையில், உங்கள் வியாபாரம் நடப்பதும் காலையில். அம்மாவும் கூடத் துணைக்கு ஒருவரும் போனால் அன்றைய இட்லி போச்சு, எக்ஸ்ரேக்கு ஒரு நாள், ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள், ஊசிக்கு ஒரு நாள் என்றால் அந்த நஷ்டத்தையும் செலவில் எழுதித்தான் பார்க்க வேண்டும். எழுதிப் பார்த்தால் சாயங்காலம் கிளினிக் வைத்திருக்கும் 1,800 டாக்டர் உங்களுக்குக் கட்டுப்படியாகக்கூடும். அவரிடம் போவதை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் பெரும்பாலும் வராது. கம்பெனி கொடுக்கும் சாதாரண பாலிசி அட்மிஷன் ஆனால் பணம் கொடுக்கும், அல்லது அட்மிட் ஆகி அன்றைக்கே வீடு திரும்பும், பட்டியலில் உள்ள டேகேர் சிகிச்சைக்குக் கொடுக்கும், முட்டி ஊசி ஓ.பி.டி. வேலை. ‘ஒரு நாள் அட்மிட் பண்ணிக்கலாம், க்ளெய்ம் வந்துடும்’ என்று ஆசை காட்டினால் போகாதீர்கள், தேவையில்லாத அட்மிஷன் என்று தள்ளிவிட்டால் மொத்த பில்லும் உங்கள் தலையில் விழும். உங்கள் சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) பிடித்தால் கதை வேறு, அதில் ஓ.பி.டி.யும் உண்டு, உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரையும் சேர்க்கலாம். ஆபீஸில் ஹெச்.ஆரிடம் அம்மாவின் பெயர் கார்டில் இருக்கிறதா என்று நாளைக்கே கேளுங்கள்.

சரி, போடலாமா? ராத்திரி வீங்குகிறது என்று எழுதியிருப்பதால், நேரில் பார்க்கும் டாக்டரும் வீக்கம் இருக்கிறது என்று சொன்னால், வலது முட்டிக்கு ஒன்று போடலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த வாரங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் ஊசிக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரில் பாதிப் பேருக்கு ஊசியும் மீதிப் பேருக்குப் பிசியோதெரபியும் (உடற்பயிற்சி சிகிச்சை) கொடுத்துப் பார்த்ததில், ஒரு வருஷம் கழித்து பிசியோ எடுத்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள், வலியிலும் நடமாட்டத்திலும். வலியோடு பயிற்சி செய் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், ஊசி வலியைக் குறைத்துக் கொடுக்கும் நேரத்தில் ஆரம்பித்துவிட வேண்டும். தினம் பிசியோவுக்குப் போகக் காசு இல்லாவிட்டால் ஓரிரு முறை போய் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, தொடையை இறுக்கி, மெதுவாகப் பத்து எண்ணி இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்துப் பதினைந்து தடவை, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. இட்லி வேகும் நேரத்தில்கூடச் செய்யலாம்.

அப்புறம் அந்த வேலை நடக்கும் இடத்தை ஒரு தடவை பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் கிரைண்டர் தரையில் இருக்கும், மாவுத் தூக்கும் தரையில், அடுப்பும் தரையில், அம்மா குந்தி உட்கார்ந்து மாவை வழித்து, கனத்தோடு எழுந்து, மறுபடி குந்தி, விடியும் முன்னே இதை எத்தனை தடவை செய்கிறாரோ. மேலே தூங்குவதற்கு நெட்டுக்குத்தான ஒரு இரும்பு ஏணி வேறு. ஊசி போட்டு வலி தெரியாமல் இதே வேலையை இரண்டு பங்கு செய்தால் பத்து வாரம் நாலு வாரமாகிவிடும். அடுப்பையும் கிரைண்டரையும் இடுப்பு உயர மேடைக்கு ஏற்றுங்கள், வெல்டிங் கடையில் ஒரு இரும்பு ஸ்டாண்டு அடித்து வாங்கலாம். மாவுத் தூக்கைத் தம்பி தூக்கட்டும். அம்மா கீழேயே படுக்கட்டும். பொதுக் கழிப்பறையில் குந்துவதுதான் ரொம்பக் கஷ்டம், நடுவில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும், கையில் கொண்டுபோக வெட்கப்பட்டால் பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இதெல்லாம் சேர்த்தாலும் ஜெல் ஊசியின் விலைக்குக் கிட்டவே வராது.

ஊசி போடும்போது நீங்கள் கூடவே நின்று பாருங்கள். டாக்டர் கை கழுவி, கையுறை போட்டு, மருந்தால் முட்டியை நன்றாகத் துடைத்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். மருந்து எடுத்த ஊசி வேறு, குத்தும் ஊசி வேறாக இருக்கட்டும், இரண்டுமே உங்கள் கண் முன்னால் பிரித்தவையாக இருக்கட்டும். முட்டிக்குள் நீர் கட்டியிருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பார். வெளிர்மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் சரி, கலங்கலாக வந்தால் ஸ்டீராய்டு போடாமல் லேபுக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்கும் மறுநாளும் அம்மா அடுப்படிக்குப் போக வேண்டாம். முதல் ஓரிரு நாள் சிலருக்கு வலி முன்னைவிடக் கூடும், துணியில் சுற்றி ஐஸ் வையுங்கள், பாரசிட்டமால் போதும், தானாக அடங்கிவிடும். இரண்டு நாளுக்கு மேல் வலி ஏறிக்கொண்டே போனால், முட்டி சிவந்து சூடாகி, காலை ஊன்றவே முடியாமல், காய்ச்சலும் வந்தால் அது உள்ளே கிருமி போயிருப்பதன் அடையாளம். அபூர்வம்தான், ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு நாம் காத்திருந்து பார்க்க முடியாது. ஊசி போட்ட டாக்டருக்கு போன் போட்டுக்கொண்டு நிற்காமல், நடுராத்திரியாக இருந்தாலும் டாக்ஸி பிடித்து சயான் கேஷுவல்டிக்குப் போய்விடுங்கள், எந்தத் தேதியில் எந்த மருந்து போட்டது என்று எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.